வேகம் பொய் சொன்ன காலை

போன மாதம் கெப்டன் திலகா எங்கள் அலவத்துகொட வீட்டுக்கு வந்திருந்தார். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னோடு உதவி விமானியாகப் பல தடவை பறந்தவர். இப்போது அவரே கெப்டன். சிமுலேட்டரில் மற்ற விமானிகளைப் பரீட்சிக்கும் பொறுப்பும் கையில் வந்திருக்கிறது. கொண்டுவந்த பையிலிருந்து பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து என் முகத்தில் மாட்டிவிட்டார். எங்கள் ஹோலும் கதிரைகளும் மறைந்து, நான் விமானி அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டினால் சுவிட்சுகள்கூட அசைந்தன.

"இனி இத எல்லாருக்கும் குடுக்கப் போறாங்க சேர். வீட்டுல இருந்தே பழகலாம்" என்றார். "ஆனா புதுசா வந்திருக்கிறவங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. இதெல்லாம் இல்லாம நீங்க எப்பிடிப் பழகுனீங்கன்னு. அந்தக் குளவிக் கதைய நான் சொன்னா அரைவாசிதான் வருது. நீங்களே எழுதிக் குடுங்க சேர்."

தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்த என் மனைவி பஸீரா, "அவருக்கு அலுமாரி இரிந்திச்சு. அத எழுதச் சொல்லுங்கொ" என்று சிரித்தாள்.

அதனால் எழுதுகிறேன். அலுமாரியையும் சேர்த்துத்தான்.

வாப்பா மிளகு, கராம்பு வியாபாரி. நான் பேராதனையில் படித்து எஞ்சினியராக வருவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் இரத்மலானையில் ஒரு சின்ன விமானத்தில் ஏறி, கடலுக்கு மேல் ஒரு வட்டம் அடித்து இறங்கியதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு படிப்பு, பரீட்சை, காத்திருப்பு, மறுபடி பரீட்சை. பத்து வருட வாழ்க்கையை இந்த ஒரு வரியில் அடைத்துவிடலாம். பெரிய விமானக் கம்பனி ஒன்றில் உதவி விமானியாகச் சேர்ந்த பிறகுதான் சொல்லத்தக்க காரியங்கள் நடந்தன.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, விமானிக்குப் பரீட்சை ஒருபோதும் முடிவதில்லை என்பது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டருக்குள் போக வேண்டும். நீண்ட இரும்புக் கால்களின் மேல் நிற்கும் பெரிய பெட்டி அது. உள்ளே அச்சு அசலாக விமானி அறை. எஞ்சின் நின்றால் பெட்டி ஒரு பக்கம் இழுக்கும். மழையில் இறங்கினால் கண்ணாடியில் மழை அடிக்கும். பின்னால் பரீட்சகர் உட்கார்ந்து, தன் திரையில் ஒரு விரலால் தொட்டு எந்த ஆபத்தையும் வரவழைப்பார். தேறாவிட்டால் திரும்பப் பழகித் தேறும்வரை பறக்க முடியாது. முப்பது வருடம் பறந்தவருக்கும் இதே சட்டம்தான்.

எங்கள் காலத்தில் அந்தப் பின்கதிரையில் இருந்தவர் கெப்டன் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, நெடிய மனிதர். சிமுலேட்டருக்குள் வரும்போது சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் காலுறையோடு வருவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிழை என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். நாங்கள் ஒரு காரியத்தைச் செய்து முடித்ததும், "சரி. பிறகு?" என்பார். அவ்வளவுதான். அந்தப் "பிறகு"வில் நாங்கள் மறந்துபோனது எங்கோ இருக்கிறது என்று விளங்கும். இல்லாமலும் இருக்கலாம்.

நான் கெப்டன் ஆவதற்கான கடைசிப் பரீட்சையும் அவரிடம்தான். முதல் பாதியில் எஞ்சின் நெருப்பு, சக்கரம் இறங்காதது, ஓடுபாதையை மூடும் பனி என்று ஒன்று விடாமல் கொட்டினார். இரண்டாம் பாதியில் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் போகச் சொன்னார். கிளம்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. மேலே ஏறினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு மீட்டராகப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. சென்னை வந்தது. வெயில், தெளிந்த வானம். மெத்தென்று இறக்கினேன். ஓடுபாதையிலிருந்து திரும்பி மெதுவாக உருண்டுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து பணிப்பெண்ணின் குரலில் அவர் சொன்னார்: "கெப்டன், கபினுக்குள்ள ஒரே புகை. ஒண்டும் தெரியேல்லை."

விமானத்தை நிறுத்தினேன். பிரேக்கைப் போட்டேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னேன். எஞ்சின்களை அணைத்து, எல்லாரையும் இறங்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தேன். கை தானாகப் போய்ப் போய் வந்தது.

வெளிச்சம் போட்ட பிறகு அவர் என் பக்கம் குனிந்தார். "நௌபர், இறங்கின உடன நீர் ஒரு பெரிய மூச்சு விட்டனீர். எனக்குக் கேட்டது. நான் அந்த மூச்சுக்குத்தான் இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருந்தனான்."

நான் இடுப்புப் பட்டியைக் கழற்றினேன்.

"மூச்சு விட்ட பிறகும் கை சரியான இடத்துக்குப் போச்சுது. அதுதான் எனக்கு வேணும். ஓம், நீர் கெப்டன்."

அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கடுகண்ணாவ ஏற்றம் ஏறும்போது, பக்கத்து சீட்டுக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த "கை சரியான இடத்துக்குப் போவது" எப்படி வரும்? சிமுலேட்டர் எப்போதும் கிடைக்காது. மூளையில் இருப்பது கையில் இருக்காது. நான் கண்டுபிடித்த வழி எங்கள் அறையில் இருந்த தேக்கு அலுமாரி. விமானி அறையின் படத்தை உண்மையான அளவில் கடதாசித் தாள்களில் பிரதி எடுத்து, அலுமாரியின் இரண்டு கதவிலும் ஒட்டினேன். முன்னால் ஒரு கதிரை. உட்கார்ந்து கண்ணை மூடுவேன். எஞ்சின் நின்றது என்று நினைத்துக்கொள்வேன். எந்தக் கால் மிதிக்க வேண்டும், எந்தக் கை எங்கே போக வேண்டும், வாயில் என்ன சொல்ல வேண்டும் என்று முழுவதையும் சத்தமாகச் செய்வேன். பிறகு கண்ணைத் திறந்து, விரல் சரியான சுவிட்சின் மேல் நிற்கிறதா என்று பார்ப்பேன். உடுப்பு எடுக்க வரும் பஸீரா, "எஞ்சினக் கொஞ்சம் தள்ளுங்கொ, சாரி எடுக்கணும்" என்பாள்.

கொரோனா வந்தபோது இந்த அலுமாரி வேலை உயிர்ப்பிரச்சினை ஆகியது. விமானங்களை வரிசையாக நிறுத்தி, எஞ்சின் வாய்களை மூடிக் கட்டிவிட்டார்கள். நாங்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. எங்கள் வேலைக்கு அறுபத்தைந்துதான் எல்லை. மாதக்கணக்கில் பறக்காமல் இருந்துவிட்டு இந்த வயதில் திரும்பப் போனால் சிமுலேட்டரில் தேறுவேனா என்று எனக்கே தெரியவில்லை. சக விமானிகள் சிலர், "மச்சான், இதோட முடிஞ்சுது" என்று டெலிபோனில் சொன்னார்கள். எனக்கு அப்படி முடிக்க மனமில்லை.

ஒரு நாள் பஸீராவிடம் சொன்னேன்: "எனக்கு எப்ப வரும்னு தெரியிறது பயிற்சி இல்ல. நான் நினைக்காத நேரம் நீ கேக்கணும்."

அவள் அக்குறணையில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். பிள்ளைகளைத் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பதில் கை தேர்ந்தவள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. தாடி மழிக்கும்போது கதவைத் தட்டி, "ஓடுபாதையில ஓடுறீங்க, வலது டயர் வெடிச்சிட்டு!" என்பாள். சோற்றில் கை வைத்தால், "கபினுக்குள்ள காத்துக் கொறையுது!" என்பாள். நான் உடனே பதில் சொன்னால் புள்ளி குறைப்பாள். முதலில் விமானம் நேராகப் பறக்கிறதா என்று சொல்ல வேண்டும். பிறகு எங்கே போகிறது என்று. கடைசியில்தான் யாரிடம் பேசுவது என்று. "ஒழுங்கு மாறினா முட்டை" என்பாள்.

ஒரு நாள் தோட்டத்தில் மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறி நின்றபோது, சமைத்துக்கொண்டிருந்த பஸீரா குசினி யன்னலிலிருந்து பெரிய குரலில், "நெருப்பு! இடது பக்கம் நெருப்பு!" என்று கத்தினாள். நான் ஏணியில் நின்றபடியே நடைமுறையைச் சொல்லத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரோடு எங்கள் இடது சுவர்ப்பக்கம் பாய்ந்து வந்துவிட்டார். நடந்ததை விளக்கிச் சொன்ன பிறகு வாளியைக் கீழே வைத்து, "எந்த எஞ்சின் எண்டு சொல்லிட்டுக் கத்துங்கொ" என்றார்.

பஸீராவுக்கு மிகவும் பிடித்தது வேகம் பொய் சொல்லும் கேள்வி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விமானத்தின் மூக்கருகே விரல் பருமனில் மூன்று குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குள் புகும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேகம் தெரியும். ஒன்று எனக்கு, ஒன்று உதவி விமானிக்கு, மூன்றாவது உபரி. குழாய் அடைபட்டால் மீட்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதை நம்பி ஓட்டினால் விமானம் வானத்திலிருந்து விழும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். மீட்டரை மறந்துவிட்டு, மூக்கை இத்தனை பாகைக் கோணத்தில் வைத்து, எஞ்சினுக்கு இத்தனை சக்தி கொடுப்பது. அதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. பஸீரா அந்த அட்டவணையை ஒரே பின்னேரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

"இவ்வளவு பாகை, இவ்வளவு சக்தி எண்டா, வேகம் இதுதான் வரணும். வேற வந்தா மீட்டர்தான் பொய்" என்றாள். "இது கணக்கு. இதுல பயப்பட என்ன ஈக்கி?"

மீண்டும் பறக்க அழைப்பு வந்தபோது சிமுலேட்டரில் என்னோடு சேர்த்துவிட்டது திலகாவை. அவரும் அதே மாதங்களை மடுல்கெல்லவில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் கழித்திருந்தார். பலாப் பலகை ஒன்றில் சுவிட்சுகளை வரைந்து பழகியதாகச் சொன்னார். பின்கதிரையில் சிவநேசன் சேர். பறக்கும் வயதைத் தாண்டியிருந்தாலும் சிமுலேட்டரில் கற்பிப்பதிலிருந்து கம்பனி அவரை விடவில்லை. அன்றும் காலுறையோடுதான் வந்தார். எஞ்சின் ஒன்றை நெருப்பில் போட்டு, இறங்கப் போகும் கடைசி நேரத்தில் ஓடுபாதையில் லொறி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒற்றை எஞ்சினில் மேலே எழுந்து, சுற்றி வந்து, நடுக்கோட்டில் இறக்கினோம். எங்கள் குரல்களைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

"சரி" என்றார். நாங்கள் அந்த அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தோம். அவர் சப்பாத்தைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார். திலகா என்னைப் பார்த்து, "அவ்வளவுதானா சேர்?" என்றார். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பாராட்டை நான் அந்தப் பெட்டிக்குள் வாங்கியதில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து வளைகுடா நகரம் ஒன்றிலிருந்து எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வர இருவரையும் அனுப்பினார்கள். வேலைக்குப் போய் அங்கே மாட்டிக்கொண்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். பல மாதம் காத்திருந்து கிடைத்த சீட். விமானம் அங்கே ஒரு நாள் வெயிலில் நின்றிருந்தது. கிளம்பும் முன் திலகா வெளியே சுற்றி வந்து பார்த்தார். குழாய்களின் வாய் வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

காலை வெயிலில் ஓடுபாதையில் ஓடினோம். வழக்கமான இடத்தில் திலகா வேகத்தைச் சொன்னார்; இரண்டு மீட்டரும் ஒத்துப்போயின. தூக்கினேன். சக்கரம் மடிந்தது. நகரம் கீழே சுருங்கத் தொடங்கியபோது மணி அடித்தது.

வேக எல்லை மீறினால் அடிக்கும் மணி அது. விடாமல் அடித்தது. என் மீட்டரைப் பார்த்தேன். வேகம் கண் முன்னால் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்புக்குள் நுழைந்தது. வேகம் கூடினால் எந்த விமானியின் கையும் ஒன்றைத்தான் செய்யப் பார்க்கும்: எஞ்சினைக் குறை, மூக்கை மேலே தூக்கு. என் கை எஞ்சின் நெம்புகோலின் மேல்தான் இருந்தது. அதை ஒரு மயிரிழைகூடப் பின்னால் இழுக்கவில்லை என்பதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஆகப் பெரிய காரியம்.

விமானி அறைக்குள் நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அந்த நேரம் திலகாவின் வாயிலிருந்து வந்தது தமிழ்.

"சேர், என்னோடது கொறையுது!"

திரும்பிப் பார்த்தேன். அவருடைய மீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே விமானம், இடது பக்கம் மிதமிஞ்சிய வேகம், வலது பக்கம் விழப்போகும் வேகம்.

"ரெண்டும் பொய் சேர்."

"பொய்தான்" என்றேன். "விமானம் என் கையில். ஓட்டோ பைலட்டை அணைக்கிறேன். மூக்கு பத்துப் பாகை. எஞ்சின் ஏறும் சக்தியில்."

"பத்துப் பாகை. ஏறும் சக்தி. சரி சேர்." மறுபடி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. காதுக்குள் ஊசி மாதிரி இறங்கும் சத்தம். அது பொய் என்று தெரியும். ஆனாலும் உடம்பு நம்ப மறுக்கும். நான் மூக்கைக் காட்டும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்துப் பாகை. இறக்கை நேராக. காற்றின் இரைச்சல் எப்போதும் போலத்தான் இருந்தது. என் தலைக்குள் குசினி யன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது: இதுல பயப்பட என்ன ஈக்கி?

ஆபத்தில்லாத உயரத்தில் சமனாக்கினேன். திலகா அட்டவணையை எடுத்து வாசித்தார். சொன்ன பாகையில் மூக்கை வைத்தேன், சொன்ன சக்தியைக் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்தோம். அட்டவணை சொன்ன வேகத்தை மூன்றாவது மீட்டர் காட்டியது. அதை மட்டும் நம்பிவிடாமல், நிலத்தின் மேல் நாங்கள் போகும் வேகத்தைக் கோபுரத்தில் கேட்டு, காற்றைக் கழித்து, திலகா கணக்குப் பார்த்தார்.

"மூணாவது உண்மை சொல்லுது சேர்."

பொய் சொன்ன இரண்டையும் அணைத்தோம். மணி நின்றது. அப்படி ஓர் அமைதியை நான் எந்தப் பள்ளிவாசலிலும் கண்டதில்லை.

பயணிகளோடு பேச வேண்டும். திலகாவைப் பேசச் சொன்னேன். சிங்களத்தில் சொல்லி, பிறகு தமிழில் சொன்னார்: "ஒரு சின்னக் கோளாறு இருக்கு. விமானம் எங்க கட்டுப்பாட்டுலதான் இருக்கு. திரும்பி எறங்கி, சரி பண்ணிட்டு, உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்." கடைசி வரி எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

நீண்ட நேர்கோட்டில் வந்தோம். எரிபொருள் நிறைய இருந்ததால் பாரம் அதிகம். ஒவ்வொரு கட்டத்திலும் திலகா பாகையையும் சக்தியையும் வேகத்தையும் சேர்த்துச் சொன்னார். மூன்றும் ஒத்துப்போகாமல் அடுத்த கட்டத்துக்கு நான் போகவில்லை. ஓடுபாதை கண்ணாடியில் வளர்ந்து வளர்ந்து வந்தது. சக்கரம் கொஞ்சம் கனமாகவே தொட்டது. நின்றோம். பின்னால் கபினிலிருந்து கைதட்டல் கதவைத் தாண்டிக் கேட்டது. நானும் திலகாவும் கைதட்டவில்லை. தரிப்பிடம் வரைக்கும் உருட்டி, பிரேக்கைப் போட்டு, எஞ்சின் அணையும் வரைக்கும் ஒருவரோடு ஒருவர் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. பிறகு அவர் கையை நீட்டினார். நான் பிடித்துக் குலுக்கினேன்.

எஞ்சினியர் குழாய்களைக் கழற்றி, மெல்லிய கம்பியால் தோண்டி, உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். காய்ந்த சேற்றுப் பொடி. சேற்றால் கூடு கட்டும் குளவி ஒன்று அந்த ஒரு நாளுக்குள் குழாய்களின் உட்புறத்தில் குடியேறியிருக்கிறது. ஓடும்போது காற்றுக்கு வழிவிட்ட சேறு, தூக்கியதும் உடைந்து அடைத்துவிட்டது.

திலகா அந்தப் பொடியை நெடுநேரம் பார்த்தார். "எங்க தோட்டத்துல குளவின்னா கொழுந்துக் கூடைய வீசிட்டு ஓடுவோம் சேர். கொட்டுனா ஆளே போயிரும். இது கொட்டக்கூட இல்ல. சும்மா வீடு கட்டியிருக்கு." அப்போதுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. எஞ்சினியருக்கு விளங்கவில்லை. நாங்கள் சுவரில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம்.

பஸீராவுக்கு டெலிபோன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள்.

"எத்தன பாகை வச்சீங்க?" என்றாள் கடைசியில்.

"பத்து."

"அப்ப சரி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பின்னால் கம்பனி எங்கள் பறப்பின் தரவுகளை அப்படியே சிமுலேட்டரில் ஏற்றி, எல்லா விமானிகளுக்கும் பயிற்சிப் பாடமாக்கியது. அன்றைய விமானி அறை ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு சிவநேசன் சேர் என்னை வழியில் நிறுத்தி, "நௌபர், கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தனான். நீர் மூச்சே விடேல்லை" என்றார். முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் போனார்.

ஆனால் நான் சொல்லி முடிக்க விரும்புவது அதை அல்ல. மறுநாளை.

குழாய்களை மாற்றி, சோதித்து, விமானத்தைத் தயாராக்கிவிட்டார்கள். வேறு விமானிகளை அனுப்பட்டுமா என்று கம்பனி கேட்டது. வைத்தியர் பார்த்தார், நன்றாக உறங்கி எழும்பியிருந்தோம். திலகா, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா நாமதானே சொன்னோம் சேர்" என்றார். அதே பயணிகளோடு கிளம்பினோம். இந்த முறை விமானத்தை அவரிடம் கொடுத்தேன். கட்டுநாயக்கவில் அவர் இறக்கியபோது சக்கரம் தொட்டது எனக்கே தெரியவில்லை.

பயணிகள் இறங்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். நடுத்தர வயதுப் பெண் ஒருவர், கையில் பெரிய பை, முகத்தில் மாஸ்க். எங்களைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பினார்.

"தமிழ்ல பேசுன புள்ள எங்க?"

"நான்தான் அக்கா."

"நீங்களா ஓட்டுறீங்க? எந்த ஊரு?"

"மடுல்கெல்ல."

"தோட்டமா?"

"தோட்டந்தான் அக்கா. அம்மா கொழுந்து எடுத்தவங்க."

அந்தப் பெண் பையைக் கீழே வைத்தார். மாஸ்க்கை இழுத்துக் கழுத்தில் விட்டார். "நான் கலஹா தோட்டம்" என்றார். "நேத்து எறக்குனது?"

"நேத்து சேர் எறக்குனாங்க. இன்னைக்கு நான்."

அவர் திலகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பின்னால் நெருக்கி நின்ற வரிசையைப் பார்த்து, விமானம் முழுக்கக் கேட்கக் கத்தினார்: "நம்ம தோட்டத்துப் புள்ள! மடுல்கெல்லப் புள்ள எறக்குச்சு!"

பணிப்பெண் வந்து, "அக்கா, கொஞ்சம் வழி விடுங்க" என்றார். அக்கா விடவில்லை. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டித் திலகாவைப் பார்த்தார்கள். பல வருடம் கழித்து ஊர் மண்ணை மிதிக்க வந்த கூட்டம் அது. வாசல் திறந்து கிடந்தது. யாரும் அவசரப்படவில்லை.